சர்க்கரைப் போர்வை

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா படித்த என் வயதுக்காரர்களுக்கு இண்டியன் இங்க் என்றதும் நினைவு வருவது டிரேசிங் ஷீட்டும், ரூலிங் பேனாவும், கடைசிக் கோட்டில் மை சிந்தி மொத்தப் படமும் பாழான இரவுகளும்தான். ரயில்வேயில் சேர்ந்த பிறகும் பல வருடங்கள் அந்தக் குட்டிப் பாட்டில் என் மேஜையில் இருந்தது. கம்ப்யூட்டர் வந்தது, பாட்டில் போயிற்று. அதே மையை நான் மறுபடி பார்த்தது 2018 ஆகஸ்டில், இதே நாகபுரியில், ஓர் ஆஸ்பத்திரியின் லாபரட்டரியில். என் மைத்துனரின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில் ஒரு சொட்டும், அந்த மையில் ஒரு சொட்டும் கண்ணாடித் துண்டில் கலந்து வைத்திருந்தார்கள். ஒரு மாதமாக எங்களுக்குக் கிடைக்காத பதில் அந்தச் சொட்டில் இருந்தது.

நான் டாக்டர் அல்லன். முப்பத்தெட்டு வருடம் தண்டவாளம் பார்த்தவன். இங்கே எழுதுவதெல்லாம் அந்த ஒரு மாதத்திலும் அதற்குப் பிறகும் டாக்டர்களைக் கேட்டும் புத்தகம் புரட்டியும் தெரிந்துகொண்டது. நம் சங்கத்துக் குடும்பங்களில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் என்று சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டாராவது இதைப் படித்து வைப்பது நல்லது.

மைத்துனருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. முடக்குவாதத்துக்காக ஏழெட்டு வருடமாக ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் எடுத்து வந்தார். ஜூலையில் தலைவலி ஆரம்பித்தது. மூக்குக் கண்ணாடியை மாற்றினார். தைலம் தடவினார். மூன்றாவது வாரம் வாந்தி வந்தபோது ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். வெள்ளணுக்கள் அதிகம், புரதம் அதிகம், சர்க்கரை குறைவு என்று வந்தது. "மூளைக் காசநோய்" என்று மருந்து தொடங்கினார்கள். கூடவே ஸ்டீராய்டின் அளவையும் ஏற்றினார்கள்.

அந்த முடிவில் பெரிய முட்டாள்தனம் எதுவும் இல்லை. நம் நாட்டில் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் முதலில் நினைக்க வேண்டியது காசநோயைத்தான். ஆனால் அதே மூன்று அடையாளங்களோடு வருகிற இன்னொரு நோய் உண்டு. அதைத் தேடிப் பார்க்க ஒரு சொட்டு மை போதும். அந்தச் சொட்டை அங்கே யாரும் விடவில்லை. பிற்பாடு பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். கேட்ட பரிசோதனைகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தது. கேட்காததற்கு ஏது பதில்? பத்து நாள் கழித்து அவருக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. இரவோடு இரவாக வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம்.

அங்கே லாபரட்டரியில் இருந்த மராட்டியப் பெண், நான் வாசலில் நின்று தவிப்பதைப் பார்த்து, "காகா, நீங்களே பாருங்கள்" என்று மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார வைத்தார். கரிய வானம். நடுநடுவே நிலா. ஒவ்வொரு நிலாவுக்கும் நடுவில் ஓர் உருண்டை. ஓர் உருண்டையின் பக்கவாட்டில் சின்னக் குட்டி உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

உருண்டைதான் ஈஸ்ட். பெயர் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ். குட்டி உருண்டை அதன் மொட்டு. ஈஸ்ட் அப்படித்தான் பெருகும். நிலா போல் தெரிந்த வெள்ளை வளையம் அதன் போர்வை. அந்தப் போர்வை பெரும்பாலும் சர்க்கரையால் ஆனது. தித்திக்கிற சர்க்கரை அல்ல, பாலிசாக்கரைடு.

பாலிசாக்கரைடு என்றால் பயப்பட வேண்டாம். ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒரு வேகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேகன்களைக் கோத்தால் வருகிற நீண்ட ரேக்தான் பாலிசாக்கரைடு. அரிசியிலும் உருளைக்கிழங்கிலும் உள்ள ஸ்டார்ச் அப்படிப்பட்டது. பருத்தி நூலில் உள்ள செல்லுலோஸும் அப்படிப்பட்டதே. இரண்டிலும் வேகன் ஒன்றுதான், குளுக்கோஸ். கப்ளிங் போட்ட விதம்தான் வேறு. அந்த ஒரு வேறுபாட்டால் சோறு நமக்குச் செரிக்கிறது, வேட்டி செரிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கஞ்சியில் அயோடின் விட்டு நீலநிறம் பார்த்தோமே, அதுதான் நம்மில் பலர் செய்த முதல் பாலிசாக்கரைடு பரிசோதனை. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கிரிப்டோகாக்கஸ் இனமும் ஸ்டார்ச் போன்ற ஒரு பொருளைச் செய்யும். அயோடின் விட்டு நீலம் வருகிறதா என்று பார்ப்பது இந்த ஈஸ்ட்களை இனம் காணும் பழைய வழிகளில் ஒன்று.

போர்வையின் சர்க்கரைக்குக் குளுக்குரோனோசைலோமன்னான் என்று பெயர். நீளமான பெயரைப் பிரித்தால் சங்கதி விளங்கும். மன்னோஸ் என்ற சர்க்கரை முதுகெலும்பு. சைலோஸும் குளுக்குரோனிக் அமிலமும் அதில் கிளைகள். நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஜெல்லி போல் உப்பி நிற்கும். கிருமி கண்டால் விழுங்குவதற்கென்றே நம் ரத்தத்தில் சில வெள்ளணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இந்த வழவழப்பு பிடி கொடுக்காது. உடம்பு பார்க்க வேண்டியதைப் போர்வை மறைத்துவிடுகிறது. லாபரட்டரிக்கோ அந்தப் போர்வைதான் அடையாளம்.

மையில் ஏன் வளையம் தெரிகிறது? இண்டியன் இங்க் சாயம் அல்ல. புகைக்கரியின் நுண்துகள்கள் தண்ணீரில் மிதப்பது. சாயமாக இருந்தால் கரைந்து உள்ளே போய்விடும். கரித்துகளுக்கு அந்த ஜெல்லிக்குள் நுழைய வழியில்லை. எனவே சுற்றிலும் கறுப்பு, போர்வை இருக்கிற இடம் மட்டும் வெளிச்சம். போர்வைக்கு நிறம் ஏற்றாமல், அது இல்லாத இடத்துக்கெல்லாம் நிறம் ஏற்றிப் பார்க்கிற தந்திரம். இதில் ஏமாறவும் இடம் உண்டு. வெள்ளணுவைச் சுற்றியும் மங்கலாக ஒரு வளையம் தெரியலாம். காற்றுக் குமிழியும் வட்டம்தான். கூர்மையான விளிம்பும், உள்ளே தெளிவான உருண்டையும், மொட்டும் இருந்தால்தான் நம்புவேன் என்றார் அந்தப் பெண்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இந்த ஈஸ்ட் கோடிக்கணக்கில் இருக்கும். பத்தில் எட்டுப் பேருக்காவது மையில் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் தெரியும். அதாவது மைச்சொட்டில் தெரிந்தால் நோய் உண்டு. தெரியாவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. மைத்துனர் அதிர்ஷ்டசாலியான பாதியில் இருந்தார்.

தெரியாத பாதிக்கு என்ன வழி? இங்கேதான் சர்க்கரைப் போர்வை நமக்கு உதவுகிறது. ஈஸ்ட் அந்தப் போர்வையை நூல் நூலாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஈஸ்ட் கண்ணில் படாவிட்டாலும் உதிர்ந்த நூல் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் மிதக்கும். அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை நுண்ணிய லேடக்ஸ் மணிகளின் மேல் பூசி வைத்துக்கொண்டு, நோயாளியின் நீரோடு கலந்து ஆட்டுவார்கள். நீண்ட சர்க்கரை நூல் ஒரு மணியையும் இன்னொரு மணியையும் சேர்த்துக் கட்டும். பால் போல் இருந்தது ஐந்து பத்து நிமிடத்தில் திரிந்த பால் போலாகும். 1963-இல் அமெரிக்காவில் புளூம்ஃபீல்டு, கார்டன், எல்மென்டார்ஃப் என்ற மூவர் வெளியிட்ட முறை இது.

இதிலும் மைத்துனருக்கு ஒரு சிக்கல் காத்திருந்தது. முடக்குவாதக்காரர்கள் பலரின் ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபாக்டர் என்ற புரதம் இருக்கும். அது மணிமேல் பூசிய எதிர்ப்பொருளையே பிடித்துக்கொண்டு, நோயே இல்லாமலும் மணிகளைத் திரள வைக்கும். அதற்கு வைத்தியம் எளிது. ரத்த நீரானால் புரதத்தைத் தின்னும் புரோனேஸ் என்ற என்சைமைச் சேர்ப்பார்கள். தண்டுவட நீரானால் சில நிமிடம் கொதிக்க வைப்பார்கள். புரதம் அழியும். சர்க்கரை நூல் அசையாது. அவருடைய மாதிரியைக் கொதிக்க வைத்த பிறகும் மணிகள் திரண்டன. 1-க்கு 1024 என்ற அளவு நீர்த்த பிறகும் திரண்டன.

நீர்த்துப் பார்ப்பது அளவு தெரிந்துகொள்ள மட்டும் அல்ல. நூல் மிக அதிகமாக இருந்தாலும் மணிகள் திரளாது! ஒவ்வொரு மணியும் தனித்தனி நூல்களால் நிரம்பிவிடுவதால் இரண்டு மணிகளைக் கட்டும் பாலம் ஏற்படுவதில்லை. நோய் முற்றியவருக்கு 'நோய் இல்லை' என்று வரும். நீர்த்தால்தான் உண்மை வெளிவரும்.

இப்போது இதைவிடச் சுலபமான காகிதப் பட்டை வந்துவிட்டது. கர்ப்பம் பார்க்கும் பட்டை போல நீரில் நிறுத்தினால் பத்து நிமிடத்தில் கோடு விழும். 2011-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. மின்சாரம்கூட வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவர்களில் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்குத் தலைவலி வரும் முன்பே ரத்தத்தில் இதைப் பார்த்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தலைவலி வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே நூல் ரத்தத்தில் வந்துவிடும் என்பதே காரணம்.

நிற்க. தலைவலிக்கும் இரட்டைப் பார்வைக்கும் காரணம் என்ன என்று டாக்டரைக் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பழைய தொழில் நினைவு வந்துவிட்டது. மூளையைச் சுற்றி ஓடும் நீர் வடிந்து ரத்தத்தில் சேர மிக நுண்ணிய வாய்க்கால்கள் இருக்கின்றன. உதிர்ந்த சர்க்கரை நூலும் ஈஸ்டும் அந்த வாய்களை அடைத்துவிடும். எங்கள் தொழிலில் ஸ்லீப்பருக்கடியில் கருங்கல் ஜல்லி போடுவது பாரம் தாங்க மட்டும் அல்ல, மழைநீர் வடியவும்தான். மண்ணும் தூளும் ஏறி ஜல்லி அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு வண்டி போகும்போதும் சேறு மேலே பீய்ச்சும், லைன் இறங்கும். வடிகாலைச் சரிசெய்யாமல் லைனைத் தூக்கிக் கட்டிப் பயனில்லை. தண்டுவட நீரின் அழுத்தம் 20 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்கு மேல் போகக்கூடாதாம். மைத்துனருக்கு 40 இருந்தது. மருந்தோடு கூட, முதல் வாரம் ஏறக்குறைய தினமும் ஊசி குத்தி நீரை இறக்கினார்கள். ஒவ்வொரு முறையும் இறக்கிய ஒரு மணி நேரத்தில் அவர் கண் திறந்து, "அத்தான், மணி என்ன?" என்று கேட்பார். அக்கா தம்பி இருவருக்கும் ஊசி என்றாலே பயம். அந்த வாரம் மட்டும் என் மனைவி, "இன்றைக்கு எப்போது குத்துவார்கள்?" என்று நர்ஸைத் துளைத்துக்கொண்டிருந்தாள்.

மை காட்டியது போதாதென்று ஈஸ்டை வளர்த்தும் பார்த்தார்கள். வளர்க்கிற தட்டில் உறைந்திருக்கும் அகர் என்பதும் ஒரு பாலிசாக்கரைடுதான். நம் வீடுகளில் கடல்பாசி அல்வாவுக்குப் போடும் சைனா கிராஸ் அதுவே. 1881-இல் ஜெர்மனியில் வால்டர் ஹெஸ்ஸே என்ற டாக்டர் ஜெலட்டினில் கிருமி வளர்க்க முயன்று, வெயிலில் அது உருகிப் போவதைப் பார்த்து நொந்துகொண்டிருந்தார். அவர் மனைவி ஃபேனி, தம் சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தாரிடம் அவர் கற்ற கைப்பாகம் அது. கிருமியியலின் தந்தை என்று சொல்லப்படும் ராபர்ட் காக் அதை எடுத்துக்கொண்டார். இன்று உலகத்தில் அகர் இல்லாத கிருமி லாபரட்டரி கிடையாது. நம் ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் இந்த அகருக்காகத்தான். அந்தப் பெண்களுக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்களா?

அகர் தட்டில் கசியும் நீர் லூப் கம்பி வழியாக நோயாளியின் மாதிரியில் பட்டுவிட்டால், மேலே சொன்ன லேடக்ஸ் மணிகள் அதற்கும் திரளக்கூடும். பாசிச் சர்க்கரைக்கும் பூஞ்சைச் சர்க்கரைக்கும் மணிகளுக்கு வித்தியாசம் தெரியாத இடம். ஆகையால் முதலில் லேடக்ஸுக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் தட்டில் தடவ வேண்டும்.

வளர்ந்து வந்த ஈஸ்ட் எந்த ஈஸ்ட் என்று தீர்மானிப்பது தனிக் கலை. எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எதைப் புளிக்க வைக்கிறது என்று அதன் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பார்ப்பார்கள். கிரிப்டோகாக்கஸ் எந்தச் சர்க்கரையையும் புளிக்க வைக்காது, யூரியாவை உடைக்கும். வாயிலும் குடலிலும் சாதாரணமாக வசிக்கும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் யூரியாவை உடைக்காது; ரத்த நீரில் போட்டு 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் முளைவிட்ட பயறு போல் வால் விடும். இன்னொரு சோதனை நாகபுரிக்காரர்களுக்குச் சிரிப்பூட்டும். இங்கே சட்னிக்குப் பயன்படும் கார்ளே என்ற கறுப்பு விதை, ஹிந்தியில் ராம்தில், அதை அரைத்துக் கலந்த அகரில் கிரிப்டோகாக்கஸ் மட்டும் காப்பிப்பொடி நிறமாக வளரும். 1962-இல் ஸ்டைப் என்ற ஜெர்மானியர் கண்ட முறை. எங்கள் வீட்டு ஜாடியில் இருந்ததே மைத்துனரின் நோய்க்குச் சாட்சி சொன்னது!

நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் வேறு. தண்டவாளத்துக்குள் இருக்கும் விரிசலைத் தேட அல்ட்ராசோனிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போவோம். அதில் 0 டிகிரி ப்ரோப் ஒலியை நேர் கீழே அனுப்பும். படுத்திருக்கும் விரிசல் அதில் தெரியும். தண்டவாளத்துக்குக் குறுக்கே நெட்டுக்குத்தாக நிற்கும் விரிசல் தெரியாது. அதுதான் ரயிலைக் கவிழ்ப்பது. அதற்கு 70 டிகிரி சாய்ந்த ப்ரோப் வேண்டும். 0 டிகிரியில் ஒன்றும் இல்லை என்றால் தண்டவாளம் நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் எங்கள் தொழிலுக்கு ஆகமாட்டான்.

லாபரட்டரியிலும் அப்படியே. பூஞ்சை நோய்க்கென்று பீட்டா குளுக்கான் என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. பூஞ்சைகளின் செல்சுவரில் இருக்கும் வேறொரு பாலிசாக்கரைடு அது. குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுத்த சாறு அந்தச் சர்க்கரையைக் கண்டதும் உறையும் குணமுடையது. அதை வைத்துச் செய்கிறார்கள். விலை அதிகம், பெயர் பெரிது. 'பூஞ்சைப் பரிசோதனை' என்று கேட்டால் இதைச் செய்து 'இல்லை' என்று தரலாம். ஆனால் கிரிப்டோகாக்கஸ் பெரும்பாலும் இதில் சிக்காது. மாறாக, ஆபரேஷனில் வைத்த பருத்தித் துணியிலிருந்து வரும் குளுக்கானால் நோயில்லாதவருக்கு 'உண்டு' என்றும் வரலாம். எந்த ப்ரோப் எந்த விரிசலைப் பார்க்கும் என்று தெரியாமல் ரிப்போர்ட்டைப் படித்துப் பிரயோஜனம் இல்லை.

ஆகையால் வீட்டில் ஸ்டீராய்டோ, உறுப்பு மாற்றத்துக்கான மருந்தோ சாப்பிடுகிறவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தலைவலி நின்று, முதுகில் நீர் எடுக்கிறார்கள் என்றால், பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென் பார்த்தாயிற்றா?" டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை. நான் அன்று இந்த வார்த்தையை அறிந்திருக்கவில்லை.

புறா எச்சம்தான் இதற்குக் காரணமா என்று பலர் கேட்கிறார்கள். புறா எச்சத்தில் இந்த ஈஸ்ட் நன்றாக வளரும் என்பது உண்மை. 1950-களிலேயே தெரிந்த விஷயம். பிளாட்பாரக் கூரைகளின் கீழ் புறாக்களோடு நான் முப்பத்தெட்டு வருடம் இருந்திருக்கிறேன். ஆரோக்கியமான உடம்பு பெரும்பாலும் அதைச் சமாளித்துவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மட்டும் எச்சத்தைத் தாங்களே சுத்தம் செய்யாமல் இருப்பது நல்லது. மைத்துனர் வீட்டுப் பால்கனிக்கு வலை கட்டிவிட்டோம்.

இரண்டு வாரம் ஆம்ஃபோடெரிசின் ஊசி, பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஃப்ளூகோனசோல் மாத்திரை. 2019 செப்டம்பரில் மறுபடி ரத்தம் பார்த்தபோது ஆன்டிஜென் 1-க்கு 64 என்று வந்தது. நோய் திரும்பிவிட்டது என்று வீடே இடிந்து போயிற்று. டாக்டர் சிரித்தார். அந்தச் சர்க்கரை நூலை வெட்டும் என்சைம் மனித உடம்பில் கிடையாதாம். ஈஸ்ட் செத்த பிறகும் போர்வை பல மாதங்கள் ரத்தத்தில் சுற்றும். நீரில் ஈஸ்ட் வளர்கிறதா என்பதே கணக்கு. முதல் மாதத்துக்குப் பிறகு வளரவே இல்லை.

இரட்டைப் பார்வை போய்விட்டது. இடது கண்ணின் பார்வை பாதிதான் திரும்பியது. கணக்கெழுதும் வேலையை விட்டுவிட்டார். பேப்பரை வலது கண்ணுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு படிக்கிறார். இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் படித்துப் பார்த்து, தமக்கு வயது ஐம்பத்திரண்டு அல்ல, ஐம்பத்தொன்று என்று திருத்தம் சொன்னார்.